சர்க்கஸ் அடுப்படி: மாவு மில்லில் நின்றபடி நீங்கள் கேட்ட கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸுக்கு, ஏப்ரல் தொடங்கி நாற்பது நாள் கோதுமை அரைத்துக் கொடுத்தது எங்கள் மில்தான். வாரத்தில் இரண்டு நாள் இட்லி மாவும் போகும். மூட்டையை இறக்கும் சாக்கில் பின்பக்கமாக உள்ளே போய்வந்தேன். அவ்வளவுதான், மிளகாய் அரைக்க வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சர்க்கஸ் ஊரைவிட்டுப் போன பிறகும் கேள்வி நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழுவதும் இல்லை. அதனால் எழுதிவிட்டேன். நான் பார்த்தது ஒரே ஒரு சர்க்கஸ். எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சர்க்கஸ்காரங்க எங்க சாப்பிடுவாங்கக்கா? ஓட்டல்லயா?

தினமும் ஓட்டலில் சாப்பிட்டால் கட்டுப்படியாகுமா? பெரிய கூடாரத்துக்குப் பின்னால் அவர்களுக்கென்று மெஸ் இருக்கிறது. நான்கு கம்பு, மேலே தகரம், மூன்று பக்கமும் பழைய தார்ப்பாய். உள்ளே இரண்டு பெரிய கேஸ் அடுப்பு, ஒரு விறகடுப்பு. கேஸ் என்றால் நம் வீட்டுச் சிலிண்டர் இல்லை, ஓட்டலில் வைப்பார்களே, அந்த 19 கிலோ சிலிண்டர்.

பந்தி கிடையாது. தட்டும் டம்ளரும் அவரவருடையது. மணி அடித்ததும் வரிசையில் வந்து வாங்கிக்கொண்டு தங்கள் டென்ட்டுக்குப் போய்விடுவார்கள். குடும்பமாக இருப்பவர்கள் தூக்குவாளி கொண்டுவந்து நான்கு பேருக்கும் சேர்த்து வாங்கிப் போவார்கள்.

அடுப்படியை ஏன் அவ்வளவு தள்ளி மூலையில வச்சிருக்காங்க?

நெருப்புக்குப் பயந்துதான். 1981 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் ஷோ நடக்கும்போதே எரிந்து 92 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். சர்க்கஸ் வட்டாரத்தில் வயதானவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். காற்று கூடாரத்துப் பக்கம் அடித்தால் விறகடுப்பை மூட்டவே மாட்டார் மெஸ் மாஸ்டர். கடலூரில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று வந்த இரண்டாம் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மொத்தம் எத்தனை பேருக்கு ஆக்கணும்?

நான் பார்த்தபோது தொண்ணூறு பேர் போல இருந்தார்கள். அதில் ரிங்குக்குள் வந்து விளையாடுகிறவர்கள் பாதிகூட இல்லை. கூடாரம் கட்டுகிறவர்கள், எலக்ட்ரீஷியன், ஜெனரேட்டர் ஆள், டிக்கெட் கொடுப்பவர், டிரைவர், வாட்ச்மேன், ஜிகினா தைக்கும் தையல்காரர் என்று மீதிப் பேர். மெஸ்ஸில் மாஸ்டரும் மூன்று கையாட்களும்.

கணக்கு கேட்பவர்களுக்காக: ராத்திரி ஆளுக்கு ஐந்து சப்பாத்தி என்று வைத்தால் நானூற்றைம்பது. ஒரு கிலோ மாவுக்கு முப்பது வரும் என்றால் ஒரு வேளைக்கே பதினைந்து கிலோ மாவு. அவர்கள் பாக்கெட் மாவு வாங்காமல் மில்லைத் தேடி வந்ததற்குக் காரணம் இதுதான். கூடாரம் கட்டுகிற பையன்களுக்கு ஐந்து போதாது, எட்டு கேட்பார்கள். சுத்தியலால் முளை அடித்துவிட்டு வந்தால் நீங்களும் கேட்பீர்கள்.

தினம் பிரியாணிதானாமே?

யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை, இதைக் கேட்காத ஆளே இல்லை. காலையில் பூரி கிழங்கு அல்லது உப்புமா, வாரம் இரண்டு நாள் நம் மாவில் இட்லி. மதியம் சோறு, பருப்பு, ஒரு காய். ராத்திரி சப்பாத்தியும் குருமா மாதிரி ஒன்றும். அதே உருளைக்கிழங்கு மூன்று வேளையும் மூன்று வேஷத்தில் வரும். காய் உழவர் சந்தையில், அதுவும் கடை கட்டும் நேரத்தில் போய் வாங்குவார்கள். விலை அப்போதுதானே இறங்கும்.

கறி வாரம் ஒரு நாள் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஞாயிறு மூன்று ஷோ, கூட்டமும் அன்றைக்குத்தான். கறி தின்றுவிட்டு யார் கம்பியில் தொங்குவது? ஊரெல்லாம் கறிக்குழம்பு மணக்கும்போது மைதானத்தில் மட்டும் பருப்பு வெந்துகொண்டிருக்கும். திங்களோ செவ்வாயோ, கூட்டம் குறைந்த நாளில்தான் கோழி. மீனுக்கு அவர்கள் வந்த நேரம் சரியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கடலூர் முதுநகரில் நாட்டுப்படகில் வருகிற மீன் இருக்கிறது, ஆனால் அந்த விலைக்குத் தொண்ணூறு பேருக்கு வாங்க முடியாது. கருவாடும் முட்டையுமாக ஓட்டினார்கள்.

அப்ப எத்தனை மணிக்குதான் சாப்பிடுவாங்க?

நம்ம நேரத்தை மறந்துவிடுங்கள். ஷோ ஒரு மணி, நாலு மணி, ஏழு மணி. விளையாடுகிறவர்கள் காலையில் டீயும் பன்னும் மட்டும் எடுத்துக்கொண்டு வெயில் ஏறுமுன் பயிற்சிக்குப் போய்விடுவார்கள். வயிறு நிறைய உண்பது ஒன்பதரை, பத்து மணிக்கு. மதியச் சோறு பதினொன்றரைக்கே தயாராகிவிடும். வேலையாட்கள் அப்போது சாப்பிடுவார்கள். ரிங்குக்குப் போகிறவர்களில் பலர் அந்தச் சோற்றைத் தட்டு போட்டு மூடிவைத்து, முதல் ஷோ முடிந்து மூன்றரைக்கு ஆறிப்போனதைத் தின்பார்கள்.

நிஜமான சாப்பாடு ராத்திரி பத்தரைக்கு. வேஷம் கலைத்து, குளித்து, சுடச்சுடச் சப்பாத்தி. அந்த நேரத்தில் மெஸ் பக்கம் போனால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். தூங்க ஒரு மணி ஆகிவிடும். காலை ஏழு மணிக்குப் போய் மாவு வாளியை இறக்கும்போது முழித்திருப்பது மாஸ்டரும் நாய்களும்தான்.

ஆட்டத்துக்கு முன்னாடி வெறும் வயித்தோடயா ஏறுவாங்க?

வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. வெறும் வயிறு என்றால் கண் இருட்டும், கை நடுங்கும். தின்றுவிட்டு ஏறினால் தலைகீழாகத் தொங்கும்போது தின்றது மேலே வரும். வாழைப்பழம், சர்க்கரை தூக்கலாகப் போட்ட கட்டன் சாயா, குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இவ்வளவுதான். பால் குடிப்பதில்லை, வயிற்றில் குலுங்குமாம். ஊஞ்சலில் பாய்கிறவர்களைவிட அவர்களைக் கையைப் பிடித்து வாங்குகிறவர் இதில் கெடுபிடி. தலைகீழாகவே அதிக நேரம் இருப்பது அவர்தானே.

ஒரு காட்சி சொல்கிறேன். நாலு மணி ஷோவுக்கு முன்னால், திரைக்குப் பின்னால் ஒரு பெண் முழு வேஷத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். உதட்டுச்சாயம் கலையக் கூடாது என்று டம்ளரில் ஜூஸ் குழாய் போட்டுச் சூடான டீயை உறிஞ்சுகிறாள். பக்கத்தில் ஜோக்கர், முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, பழத்தை உரித்துச் சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளி, வாயை ஆவென்று திறந்து உள்ளே போட்டுக்கொள்கிறார். உதடு மூடாமல் மெல்வதற்குத் தனித் திறமை வேண்டும். ரிங்குக்குள் அவர் செய்த எந்தச் சேட்டையையும்விட எனக்கு அதுதான் பிடித்தது.

எல்லாரும் மலையாளத்துக்காரங்கதானே?

முன்பு அப்படித்தான். இந்தியாவில் சர்க்கஸ் தொடங்கியது மகாராஷ்டிரத்துக்காரரான விஷ்ணுபந்த் சத்ரே, 1880-இல் மும்பையில். அவருடைய சர்க்கஸ் தலச்சேரிக்குப் போனபோது அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துவந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனுக்கு இதில் பிடிப்பு வந்தது. 1901-இல் தலச்சேரி அருகே சிறக்கரையில் அவர் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கிருந்து கிளம்பிய ஆட்களால்தான் பல கம்பெனிகள் உண்டாயின. ஜெமினி சர்க்கஸைத் தொடங்கி, 2023-இல் 98 வயதில் காலமான ஜெமினி சங்கரனும் கண்ணூர் மாவட்டத்துக்காரர்தான்.

இப்போது கேரளத்துப் பிள்ளைகள் யாரும் இதற்கு வருவதில்லை. அஸ்ஸாம், மணிப்பூர், வங்காளம், பீகார், நேபாளம், இப்படித்தான் ஆட்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் சிலர் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். மேனேஜரும் வயதான இரண்டு மூன்று பேரும் மட்டும் மலையாளிகள். மெஸ் மாஸ்டர் பீகார்க்காரர். அவருக்கு நான் ‘தீதி’, மேனேஜருக்குச் ‘சேச்சி’.

அத்தனை ஊர்க்காரங்களுக்கு ஒரே குழம்பு எப்படிக்கா ஒத்துவரும்?

ஒத்துவராது. மாஸ்டர் யாருக்கும் பிடிக்காத, ஆனால் யாரும் மறுக்காத ஒரு ருசியில் சமைப்பார். உறைப்பு கொஞ்சம், மசாலா கொஞ்சம். சேட்டன்மார் தங்கள் டென்ட்டில் ஊறுகாயும் தேங்காய்ச் சம்மந்தியும் வைத்திருப்பார்கள். மணிப்பூர்ப் பையன்களிடம் ஒரு டப்பாவில் புளித்த மீன் இருக்கும், திறந்தால் பக்கத்து டென்ட்காரர் எழுந்து போய்விடுவார். நம் ஊர்க் கருவாட்டுக்குப் பழகிய எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கடுகு எண்ணெய் வாசம்தான் தலைவலி தந்தது.

குடும்பமாக இருப்பவர்கள் சின்ன அடுப்பு வைத்துத் தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளலாம், ஆனால் மெஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் மட்டும்தான் (காரணம் மேலே நெருப்புக் கேள்வியில்). ஒரு வங்காளி அம்மா என்னிடம் பலா கேட்டாள். பண்ருட்டிப் பழம், தேன் மாதிரி இருக்கும், கொண்டுவருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். பழம் வேண்டாம், பிஞ்சு வேண்டுமாம். கையில் எண்ணெய் தடவி அரிந்து, உருளைக்கிழங்கோடு போட்டு, கறிக்குழம்பு மாதிரியே வைத்துக் கொடுத்தாள். பண்ருட்டிக்குப் பதினைந்து மைல் தள்ளிப் பிறந்து வளர்ந்த நான், பலாப்பிஞ்சில் அப்படி ஒரு குழம்பு உண்டு என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மாவு மெஷின் பெல்ட் அறுந்துபோய், மிளகாய் மெஷினைத் துடைத்துவிட்டு அதிலேயே கோதுமையைப் போட்டுவிட்டேன். இரண்டு கை அரிசி போட்டு ஓட்டிக் கழுவியிருக்க வேண்டும், அவசரத்தில் மறந்துபோனது. அன்று ராத்திரி சப்பாத்தி இளஞ்சிவப்பாக இருந்ததாம். பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். கயிறு இழுக்கும் ஆந்திராக்காரர் மட்டும், இத்தனை நாளில் இன்றைக்குத்தான் சாப்பாடு என்றாராம். மறுநாள் பதினைந்து கிலோ காசு வாங்காமல் அரைத்துக் கொடுத்தேன்.

சிங்கத்துக்குத் தெருநாயைப் பிடிச்சுப் போடுவாங்களாமே?

சிங்கமே இல்லையே! 1998-இல் மத்திய அரசு சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று அறிவித்தது. சர்க்கஸ் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றமும் தடை சரி என்று சொல்லிவிட்டது. 2013-இல் யானையையும் சர்க்கஸில் வைக்கக் கூடாது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் முடிவெடுத்தது.

நாய் பிடிக்கும் கதை எங்கள் அம்மா காலத்திலிருந்து ஓடுகிறது. இங்கே கதை தலைகீழ். அங்கே இருந்தது வித்தை காட்டும் ஏழெட்டு நாய்கள். அதுகளுக்குச் சோறும் கோழிக்காலும் வேகிற வாசத்துக்கு மஞ்சக்குப்பத்துத் தெருநாய்கள் எல்லாம் வேலி ஓரம் வந்து படுத்துக்கொண்டன. மாஸ்டர் மிச்சச் சப்பாத்தியை வீசி வீசி, நாற்பது நாளில் அத்தனையும் கொழுத்துப்போய்விட்டன.

குளிக்கிறது, கக்கூஸ் எல்லாம் எப்படி?

டேங்கர் தண்ணீர். பெரிய தொட்டியில் விட்டு, குடிக்கவும் சமைக்கவும் தனியாகக் கேன் தண்ணீர். பெண்களுக்குத் தகரம் அடித்த குளியலறையும் கழிப்பறையும் தனி. துணி துவைக்கும் முறை கிழமை போட்டுப் பிரித்திருந்தது. டேங்கர் வராத அன்று மெஸ் பாத்திரத்தைக் கழுவுவதற்கே முதல் உரிமை, குளியல் அப்புறம். மே மாத வெயிலில் அது சும்மா இல்லை.

ராத்திரியானா எல்லாரும் பாண்டி சரக்குதானாமே? பக்கத்துலதானே இருக்கு?

பக்கத்தில்தான் இருக்கிறது, அதற்காக? ஒரு ஆளை இன்னொரு ஆள் கையைப் பிடித்து வாங்கும் தொழில். குடித்தவன் கையை யார் நம்பிப் பாய்வார்கள்? முதல் நாள் குடித்தது தெரிந்தாலும் மறுநாள் மேலே ஏற்ற மாட்டார்கள், அன்றைய காசும் போகும். கூடாரம் கட்டுகிறவர்களில் சிலர் குடிப்பதுண்டு. அது எந்த வேலையிடத்தில் இல்லை?

சாப்பாட்டுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்களா?

இங்கே பிடிக்கவில்லை. சாப்பாடும் தங்க இடமும் கம்பெனி கணக்கு, சம்பளம் தனி. மெஸ்ஸில் தருவதற்கு மேல் வாங்கும் முட்டை, பால், பழம் எல்லாம் அவரவர் காசு. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்.

புள்ளைங்க படிப்பெல்லாம் என்னாகும்?

எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்டது இதுதான். முன்பு சின்னப் பிள்ளைகளை, முக்கியமாக நேபாளத்துப் பெண் குழந்தைகளை, ஏழெட்டு வயதிலேயே கொண்டுவந்து பழக்கினார்கள் என்பது உண்மை. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், சினிமாவிலும் டிவியிலும் பிள்ளைகள் நடிக்க விலக்குக் கொடுத்தது. சர்க்கஸுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

நான் பார்த்த பிள்ளைகள் லீவுக்கு அப்பா அம்மாவோடு இருக்க வந்தவர்கள். ஜூன் பிறந்தால் பாட்டி வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ ரயிலேறிவிடுவார்கள். அந்த வங்காளி அம்மாவின் மகன் பத்து மாதம் பாட்டியிடம், இரண்டு மாதம் இவளிடம். அந்த இரண்டு மாதமும் மெஸ் சாப்பாட்டை அவனுக்குக் கொடுக்கவே மாட்டாள். தனியாக அடுப்பு மூட்டினதே அவனுக்காகத்தான் என்று பின்னால்தான் புரிந்தது.

கடன் வச்சுட்டு ராவோட ராவா ஓடிடுவாங்களாமே?

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் கடைக்காரர்கள்! எனக்கு வாரம் தவறாமல் சனிக்கிழமை காலை பணம் வந்தது. ஞாயிறு வசூலுக்கு முன்பே. ஆனால் மளிகைக்காரர் ஒருவருக்கு முந்தைய ஏதோ ஒரு சர்க்கஸ் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று கேள்வி. அவர் இந்த முறை ரொக்கம் வைத்தால்தான் மூட்டையைத் தூக்கவிடுவேன் என்றார். அதிலும் தப்பில்லை. உங்களிடம் கேட்டு வந்தால் வாரக் கணக்கு வையுங்கள், மாதக் கணக்கு வேண்டாம். மாதம் முடியும்போது அவர்கள் வேறு ஊரில் இருப்பார்கள்.

மழை வந்தா, இல்ல கூட்டம் வராட்டி, சாப்பாடு உண்டா?

ஷோ நிற்கும், அடுப்பு நிற்காது. விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் தொண்ணூறு வயிறு. முதலாளிக்கு இதுதான் பெரிய கவலை என்று மேனேஜர் சொன்னார். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வர யோசிக்கிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் என்ன செய்தது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டு வீடே நிற்கவில்லை, கூடாரம் எப்படி நிற்கும்?

மழையைவிட மோசம் 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு. கூடாரம் போட்ட ஊரிலேயே பல சர்க்கஸ்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டன. நம் மாஸ்டர் அப்போது வேறு கம்பெனியில் இருந்தாராம். அக்கம்பக்கத்து ஜனங்கள் அரிசி பருப்பு கொண்டுவந்து கொடுத்ததில் நாலு மாதம் கஞ்சி காய்ச்சியதாகச் சொன்னார். அந்தக் கஞ்சி ஞாபகத்தில், இப்போதும் இரண்டு மூட்டை அரிசியைக் கட்டிலுக்கு அடியில் தனியாக வைத்திருக்கிறார். மேனேஜருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறார்.

எம் பையன் நல்லா குட்டிக்கரணம் போடுறான், சேர்த்துவிடலாமா?

பையனுக்கு ஒன்பது வயது. மேலே பிள்ளைகள் பற்றிய பதிலைப் படித்துக்கொள்ளுங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் இடத்தில் விடுங்கள். தலச்சேரியிலேயே கேரள அரசு 2010-இல் தொடங்கிய சர்க்கஸ் பயிற்சிக் கழகம் சில வருடத்தில் மூடப்பட்டுவிட்டது.

கடைசி நாள் ராத்திரி என்ன செஞ்சாங்க?

கடைசி ஷோவில் ஜனங்கள் எழுந்து நடக்கும்போதே நாற்காலியை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். விடிவதற்குள் கூடாரம் லாரியில். அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, அரிசியும் பயத்தம்பருப்பும் காயும் சேர்த்து வேகவைத்த கிச்சடி. ஊஞ்சல்காரர், ஜோக்கர், மேனேஜர் எல்லாரும் கையுறை கழற்றி நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி கயிறு இழுக்கப் போனார்கள். மெஸ் கொட்டகையைத்தான் கடைசியாகப் பிரித்தார்கள்.

காலையில் மில் திறக்கப் போனால் என் இரண்டு மாவு வாளியும் வாசற்படியில் இருந்தன, தேய்த்துக் கழுவி. நாம் எப்படிப் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டோமோ, அவர்களும் அப்படித்தான் போலிருக்கிறது. ஒரு வாளிக்குள் முக்கால் பாட்டில் கடுகு எண்ணெய். அலமாரியில்தான் இருக்கிறது. முட்டிவலிக்குத் தேய்க்க நல்லது என்கிறார்கள். வேண்டுமென்றால் மில்லுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.